ஐந்து பதிப்பகங்கள், ஒரே விலை: மின்னூல் வழக்கு பற்றிக் கேள்வி பதில்

ஆப்பிளும் ஐந்து பெரிய பதிப்பகங்களும் கூடிப் பேசி மின்னூல் விலையை ஏற்றியதாக அமெரிக்க அரசு 2012இல் தொடுத்த வழக்கைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். போட்டிச் சட்டம் கற்பிப்பவன் என்பதால் இந்தத் தீர்ப்பை ஆண்டுதோறும் மாணவர்களோடு உட்கார்ந்து படிக்கிறேன். இன்னும் அலுக்கவில்லை.

கேள்வி: இந்த வழக்கைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை ஐயா. என்னதான் நடந்தது?

2007 நவம்பரில் அமேசான், மின்னூல் படிக்கும் கருவியான கிண்டிலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. புதிதாக வந்து பரபரப்பாக விற்கும் நூல்களின் மின்பதிப்பை 9.99 டாலருக்குக் கொடுத்தது. கெட்டி அட்டைப் பதிப்போ 25 டாலரைத் தாண்டும். பதிப்பகங்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. பத்து டாலருக்கு வாசகர் பழகிவிட்டால் அச்சு நூலை யார் தொடுவார்கள்?

2010 ஜனவரியில் ஆப்பிள் ஐபேடையும் அதில் இயங்கும் தன் மின்னூல் கடையையும் அறிவித்தது. அறிவிப்புக்கு முந்தைய சில நாட்களில் ஹாஷெட், ஹார்ப்பர்காலின்ஸ், மேக்மில்லன், பெங்குவின், சைமன் அண்ட் ஷூஸ்டர் ஆகிய ஐந்தும் ஆப்பிளோடு ஏறக்குறைய ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஏப்ரலில் ஐபேட் கடைக்கு வந்தபோது, 9.99க்கு விற்ற நூல்கள் 12.99, 14.99 என்று ஏறியிருந்தன. 2012 ஏப்ரல் 11 அன்று அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் வழக்குத் தொடுத்தது. மூன்று பதிப்பகங்கள் அன்றே சமரசத்துக்கு வந்தன, மற்ற இரண்டும் பின்னால் வந்தன. ஆப்பிள் மட்டும் வாதாடியது. 2013 ஜூலை 10 அன்று நியூயார்க் நீதிபதி டெனிஸ் கோட், ஆப்பிள் கூட்டுச் சதியில் பங்கெடுத்தது என்று தீர்ப்பளித்தார்.

கேள்வி: தன் சரக்குக்குத் தானே விலை வைப்பது எப்படிக் குற்றம் ஆகும்?

ஆகவே ஆகாது. ஒரு பதிப்பகம் தனியாக யோசித்து ஐம்பது டாலர் விலை வைத்தாலும் எந்தச் சட்டமும் அதைத் தடுக்காது. விலையை முடிவு செய்யும் உரிமையைப் பதிப்பகத்திடம் விட்டு, கடைக்காரர் 30 சதவீதம் கமிஷன் எடுத்துக்கொள்ளும் முகவர் முறையும் குற்றமில்லை. எதிரெதிரே நின்று விற்க வேண்டியவர்கள் ஒன்றாகப் பேசி வைத்து விலையை நகர்த்துவதுதான் குற்றம். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு ஷெர்மன் சட்டம் தடுப்பது அதைத்தான்.

கேள்வி: ஒரு புத்தகத்தை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுங்களேன்.

இந்த வழக்கின் உயிரே அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. 26 டாலர் விலை போட்ட நூல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் பதிப்பகம் அதில் சுமார் பாதியை, 13 டாலர் என்று வையுங்கள், அமேசானிடம் வாங்கிக்கொள்ளும். அமேசான் அதை 9.99க்கு விற்று, ஒவ்வொரு பிரதியிலும் மூன்று டாலரைத் தன் கையிலிருந்து இழக்கும். ஆப்பிள் ஒப்பந்தம் கொண்டுவந்த முகவர் முறையில் வாசகர் 12.99 கொடுக்கிறார். 30 சதவீதம் கடைக்குப் போனது போக, பதிப்பகத்துக்குச் சேர்வது 9.09.

கவனித்தீர்களா? வாசகர் மூன்று டாலர் கூடுதலாகக் கொடுக்கிறார், பதிப்பகத்துக்கோ கிட்டத்தட்ட நான்கு டாலர் குறைகிறது. தன் வரவைக் குறைத்துக்கொண்டு விலையை ஏற்ற ஒரு நிறுவனம் ஏன் முன்வர வேண்டும்? மற்ற நால்வரும் அதையே செய்வார்கள் என்ற உறுதி இல்லாமல் யாரும் அந்தக் கிணற்றில் குதிக்க மாட்டார்கள்.

ஒப்பந்தத்தில் இன்னொரு முடிச்சும் இருந்தது: வேறு எந்தக் கடையிலாவது விலை குறைவாக இருந்தால் ஆப்பிளின் கடையிலும் அதே விலைக்குக் கொடுக்க வேண்டும். அமேசான் 9.99க்கே விற்றுக்கொண்டிருந்தால் ஆப்பிளிலும் 9.99, அதில் பதிப்பகத்துக்குக் கிடைப்பது வெறும் 6.99. ஆகவே அமேசானையும் முகவர் முறைக்கு இழுத்தே ஆக வேண்டிய நிலை. அந்த ஒரு விதி ஐவரையும் ஒரே கயிற்றில் கட்டியது.

கேள்வி: கூடிப் பேசினார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?

பதிப்பகத் தலைவர்கள் நியூயார்க் உணவகங்களின் தனியறைகளில் அவ்வப்போது கூடிச் சாப்பிட்டார்கள். வழக்கறிஞர் இல்லை, உதவியாளர் இல்லை. அங்கே அமேசானின் விலையைப் பற்றிப் பேசினார்கள். தலைவர் ஒருவர் தன் மேலிடத்துக்கு அனுப்பிய மின்னஞ்சலில், இதை இரண்டு முறை அழித்துவிடுவது நல்லது என்று எழுதினார். தொழில் பேச்சில் தவறு இல்லை என்று நம்பியவர் அப்படி எழுதுவாரா? அந்த வரியை வாசித்ததும் வகுப்பே அமைதியாகிவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்கவும் வழி இருந்தது. ஆறாவது பெரிய பதிப்பகமான ராண்டம் ஹவுஸ் 2011 வரை இதில் சேரவில்லை. அந்த ஐவரின் விலை ஏறியபோது அதன் விலை ஏறவில்லை.

கேள்வி: சந்தையில் 90 சதவீதத்தைக் கையில் வைத்திருந்த அமேசானை விட்டுவிட்டு, எதிர்த்தவர்களைத் தண்டித்தது நியாயமா? நான் சிறு புத்தகக் கடை நடத்துகிறேன். வயிறு எரிகிறது.

உங்கள் எரிச்சல் எனக்குப் புரிகிறது அம்மா. 2010 ஜனவரி கடைசியில் மேக்மில்லன் தலைவர் அமேசான் தலைமையகம் இருக்கும் சியாட்டிலுக்கு நேரில் போய்ப் புதிய முறையைச் சொன்னதும், அமேசான் அந்தப் பதிப்பக நூல்களின் பக்கத்திலிருந்து வாங்கும் பொத்தானையே எடுத்துவிட்டது. அச்சு நூல்களுக்கும் சேர்த்து! நூல் அங்கேயே தெரிகிறது, வாங்கத்தான் முடியாது. சில நாட்களில் அமேசான் இறங்கி வந்தது என்றாலும், அத்தனை பலம் ஒரே கையில் இருப்பது அபாயம் என்றே நானும் நினைக்கிறேன்.

மேல்முறையீட்டில் நீதிபதி டென்னிஸ் ஜேக்கப்ஸ் ஏறக்குறைய உங்கள் பக்கம் நின்றார். ஆப்பிள் நுழைந்ததால்தான் ஏகபோகம் உடைந்தது என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். அவரோடு வழக்கைக் கேட்ட மற்ற இரு நீதிபதிகளும் ஏற்கவில்லை. 2015இல் இரண்டுக்கு ஒன்று என்று தீர்ப்பு உறுதியானது. என் மனமும் அந்த இருவரோடுதான். அமேசான் தவறு செய்தால் அதன்மேல் வழக்குப் போடலாம். வாசகரின் பையிலிருந்து மூன்று டாலரை எடுத்து அந்தச் சண்டையை நடத்த ஐந்து பேருக்கு உரிமை கிடையாது.

கேள்வி: வாசகர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்ததா?

கிடைத்தது. 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஆப்பிளின் மனுவை ஏற்க மறுத்த பிறகு 40 கோடி டாலர் வாசகர்களுக்குப் போனது. அதிகம் விற்கும் நூல்களின் நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் இடம்பெற்ற நூல் ஒன்றுக்கு 6.93 டாலர், மற்றவற்றுக்கு 1.57. பெரும்பாலானோர் கணக்கில் தானாகவே வரவு வைக்கப்பட்டது.

கேள்வி: பிரான்சில் எல்லாக் கடையிலும் ஒரே விலைதானே?

ஆமாம். அங்கே 1981 முதல் அச்சு நூலுக்கும் 2011 முதல் மின்னூலுக்கும் பதிப்பாளர் வைப்பதே விலை. ஆனால் அது நாடாளுமன்றம் வெளிப்படையாக இயற்றிய சட்டம். அப்போதும் ஒவ்வொரு பதிப்பாளரும் தன் விலையைத் தனியாகவே வைக்கிறார்.

கேள்வி: நாங்கள் நான்கு சிறு பதிப்பகத்தார். மின்னூலுக்கு இதற்குக் கீழே விற்பதில்லை என்று எங்களுக்குள் ஒரு விலை பேசிக்கொள்ளலாமா?

வேண்டாம் தம்பி. இந்தியாவின் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3ஆவது பிரிவு, ஒரே தொழிலில் இருப்பவர்கள் விலையைப் பேசி வைத்தாலே போட்டிக்குக் கேடு என்று கருதிக்கொள்கிறது. எழுதிக் கையெழுத்திட்டால்தான் ஒப்பந்தம் என்றும் இல்லை, வாய்ப்பேச்சே போதும். கண்காட்சியில் அரங்க வாடகையைப் பகிர்ந்துகொள்ளுங்கள், புத்தகக் கட்டுகளை ஒரே வண்டியில் அனுப்புங்கள். யாராவது விலைப் பேச்சை எடுத்தால், இதில் நான் இல்லை என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். வந்ததும் தேதியும் நேரமும் போட்டு அதைக் குறித்து வையுங்கள்.