விபத்தில் கை போனது, க்ளைமை மறுத்துவிட்டார்கள்

கேள்வி: என் வீட்டுக்காரர் பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டுக்கு பைக்கில் போகும்போது லாரி மோதி, வலது கையை முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டியதாகிவிட்டது. வண்டி அவர் பெயரில்தான் இருக்கிறது, லைசென்சும் இருந்தது. வண்டி இன்சூரன்சில் 15 லட்சம் கவர் உண்டு என்று சொன்னதால் க்ளைம் போட்டோம். 52 நாள் கழித்துத் தெரிவித்ததாகச் சொல்லி மறுத்துவிட்டார்கள். இனி என்ன செய்வது?

பதில்: அந்தக் கடிதத்தோடு விஷயம் முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள், அம்மா. உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. தவிர்க்க முடியாத காரணத்தால் தாமதமானால், அதை மட்டும் வைத்து க்ளைமை மறுக்கக் கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. கையை இழந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர் எப்படிப் போன் செய்வார்? டிஸ்சார்ஜ் சம்மரி, எஃப்ஐஆர் நகல், ஊனச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பாலிசியில் ‘ஓனர் டிரைவர்’ (சொந்த வண்டியை ஓட்டும் உரிமையாளருக்கான) விபத்து கவருக்குப் பணம் பிடித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். பிடித்திருந்தால் ஒரு கை இழப்புக்குப் பாதி, அதாவது ஏழரை லட்சம் வர வேண்டும்.

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு, தாமதத்துக்கான காரணத்தை விளக்கிப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம், அதாவது இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்த்து வைக்கும் அதிகாரியிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஆனால் கம்பெனி மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அவர் கொடுக்கும் உத்தரவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும்.

அங்கே சரிவராவிட்டால் தர்மபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அங்கே கட்டணத்தை நீங்கள் கேட்கும் தொகையை வைத்துக் கணக்கிடுவதில்லை, கட்டிய பிரீமியத்தை வைத்துத்தான். அது 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே கிடையாது. இதற்குக் கெடு இரண்டு வருடம். வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்: நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடக்கும்போது ஓம்புட்ஸ்மேன் அதே புகாரை எடுக்க மாட்டார்.

வக்கீலுக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும். 15100-க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள்.

அப்புறம் இன்னொன்று, நிறையப் பேர் கோட்டை விடுவது இதில்தான். அவருடைய பாஸ்புக்கைப் புரட்டி, விபத்து நடந்த வருடத்துக்கு 20 ரூபாய் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். அது பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா என்ற மத்திய அரசின் விபத்து இன்சூரன்ஸ் திட்டம். ஒரு கை இழப்புக்கு 1 லட்சம். வண்டி இன்சூரன்ஸ் பணம் வந்தாலும் இதைத் தனியாகக் கேட்கலாம். நாளாகிவிட்டதே என்று விட்டுவிடாமல், தாமதத்தின் காரணத்தையும் எழுதி இந்த வாரமே பேங்கில் விண்ணப்பம் கொடுங்கள்.