ஒரே கூரையில் ஆட்டமும் கச்சேரியும்

கேள்வி: மதுரை சிம்மக்கல் பக்கம் உள்விளையாட்டரங்கு கட்டுகிறோம். ஷட்டில், கூடைப்பந்து, கபடியோடு கச்சேரியும் நடத்த வேண்டும். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: கூடைப்பந்துக் களம் 28×15 மீட்டர். சுற்றிலும் 2 மீட்டர் விட்டால் 32×19. அதே இடத்தில் நான்கு ஷட்டில் களங்கள் (ஒவ்வொன்றும் 13.4×6.1) அடங்கும். உயரத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டமான ட்ரஸ்ஸின் அடிப்பகுதியே 9 மீட்டருக்கு மேல் இருக்கட்டும். ஷட்டில் களத்துக்கு நேர்மேலே விளக்கு வைத்தால் அண்ணாந்து பார்ப்பவருக்குக் கண் கூசும், பக்கவாட்டில் வையுங்கள்.

பெரும்பாலும் கெடுவது மரத்தளம்தான். கச்சேரியன்று முதலில் கம்பள விரிப்பு, அதன்மேல் பிளைவுட், பிறகுதான் நாற்காலி. பிளைவுட்டை நேரடியாகப் போட்டால் அடியில் சிக்கிய மணல் வார்னிஷை அரைத்துவிடும். மேடைக் கால்களுக்கடியில் தனிப் பலகை கொடுங்கள், இல்லையேல் எடை ஒரே இடத்தில் இறங்கிக் குழி விழும். நிகழ்ச்சி முடிந்ததும் தண்ணீர் ஊற்றிக் கழுவ விடவே விடாதீர்கள்! பலகை ஊறி, விளிம்பு தூக்கிக்கொள்ளும். பிழிந்த துணி போதும்.

கபடிக்குக் களம் 13×10 மீட்டர். ஒரு மீட்டர் சதுர மேட் என்றால் 130 துண்டு. அடுக்கி வைக்க ஸ்டோர் ரூம் இப்போதே ஒதுக்குங்கள்.

வெறும் தகரக் கூரை எதிரொலிக்கும். ஐப்பசி மழையில் பாட்டே கேட்காது. கூரையடியில் கிளாஸ் வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு), பின்சுவரில் ஒலி உறிஞ்சும் பலகை அவசியம். ஸ்பீக்கர், விளக்கு தொங்கும் எடையை ட்ரஸ் வரையும் முன்பே இன்ஜினியரிடம் சொல்லுங்கள். பிற்பாடு கொக்கி வெல்டிங் செய்து தொங்கவிடுவது உயிருக்கே ஆபத்து.