பெயர் ஒருவருடையது, பறப்பது வேறொருவர்

கேள்வி: மருமகன், அக்காவின் மகன், அமெரிக்காவில் சின்ன விமானக் கம்பனி ஒன்றில் விமானி. விமானத்தில் பெரிய கம்பனியின் பெயர்தான் இருக்குமாம். பெரிய கம்பனி விமானிகள் இந்த ஏற்பாட்டை எதிர்ப்பது பிள்ளையின் பிழைப்பைக் கெடுக்கவா?
– வாசகர், பரந்தன்

பதில்: இல்லை ஐயா, பிள்ளையோடு அவர்களுக்குக் கோபமில்லை. வயலில் அருவி வெட்டுக்கு வெளியாளை மலிவாக இறக்கினால் ஊர்க்காரனின் கூலி என்னவாகும் என்று உங்களுக்குத் தெரியும், அதே பயம்தான் அங்கேயும், அதனால் அவர்களின் தொழிற்சங்கங்கள் பெரிய கம்பனியோடு செய்யும் ஒப்பந்தத்திலேயே வரம்பு போட்டிருக்கின்றன: பெரும்பாலும் 76 ஆசனங்களுக்கு மேற்பட்ட விமானத்தை வெளிக் கம்பனிக்குக் கொடுக்கக்கூடாது. பயணச்சீட்டில் பெரிய கம்பனியின் பெயர் பெரிதாக இருக்கும், ஓட்டுவது யார் என்பது கீழே பொடி எழுத்தில். 2009 பெப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே விழுந்து 50 பேர் இறந்த விமானம் கொன்டினென்டல் என்ற பெரிய கம்பனியின் பெயரில் கொல்கன் ஏர் என்ற சின்னக் கம்பனி ஓட்டியது. விமானிகளின் களைப்பும் குறைந்த சம்பளமும் அப்புறம்தான் பெரிதாகப் பேசப்பட்டன, 2013 இல் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணிநேரப் பறப்பு அனுபவம் கட்டாயமானது. எனக்குப் பெரிய கம்பனி விமானிகள் கேட்பது நியாயமாகத்தான் படுகிறது. அவர்களில் பலர் சின்னக் கம்பனியில் தொடங்கியவர்கள், மேலே வேலைகள் வெளியே போகாமல் இருந்தால்தான் நாளைக்கு உங்கள் மருமகனுக்கும் அங்கே ஓர் இடம் கிடைக்கும்.