பெருவிரல் அறுவைக்குப் பிறகு மீண்டும் கும்மி ஆடுவது எப்போது?

காங்கேயத்துக்கு அருகே தோட்டத்தில் குடியிருக்கும் 48 வயது வாசகி ஒருவர் எழுதிய கடிதத்தின் சாரம் இது. பல ஆண்டுகளாக வலித்துக்கொண்டிருந்த வலது கால் பெருவிரல் புடைப்புக்கு ஐப்பசி முதல் வாரத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். எலும்பை வெட்டி நேராக்கி இரண்டு திருகுகள் வைத்திருக்கிறார்கள். நான்கு வாரங்கள் ஆகின்றன. தையல் பிரித்தாகிவிட்டது, புண் காய்ந்துவிட்டது, வலியும் ஏறக்குறைய இல்லை. ஆனால் மாலையானால் பாதம் வீங்குகிறது, விரல் மடங்க மறுக்கிறது. காலையில் பால் கறப்பது, ஸ்கூட்டரில் போய்வருவது, மாலையில் கோயில் திடலில் பெண்களுக்கு வள்ளிக்கும்மி கற்றுக்கொடுப்பது, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போவது என்று ஓயாமல் இயங்கியவர். “வலியே இல்லாதபோது வளையாத அடிப்பாகம் கொண்ட இந்தக் காலணியை இன்னும் ஏன் மாட்டிக்கொண்டிருக்க வேண்டும்? பழையபடி ஆவது எப்போது?” என்று கேட்கிறார். இடது காலிலும் அதே புடைப்பு இருப்பதால் அதற்கும் கையோடு அறுவை செய்துகொள்ளலாமா என்பது அவருடைய இன்னொரு கேள்வி.

உங்கள் காலில் என்ன நடந்திருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிற பதில்கள் எல்லாம் அதிலிருந்தே வருகின்றன. மருத்துவர்கள் ‘ஹாலக்ஸ் வால்கஸ்’ என்று குறிப்பிடும் இந்தக் கோணலில் புதிதாக எலும்பு எதுவும் முளைப்பதில்லை. பெருவிரலுக்குப் பின்னால் உள்ள நீண்ட எலும்பு மறு காலின் பக்கமாகவும், விரல் அதற்கு எதிர்ப்பக்கமாகவும் சாய, அந்த எலும்பின் தலைப்பகுதியே வெளியே துருத்தி நிற்கிறது. அறுவையில் அந்த நீண்ட எலும்பை வெட்டி, தலைப்பகுதியை உரிய இடத்துக்கு நகர்த்தித் திருகு போட்டிருக்கிறார்கள். அந்தத் திருகுகள் எலும்பை அசையாமல் பிடித்துவைக்குமே தவிர, எலும்பு கூடும்வரை உங்கள் உடல் எடையைச் சுமப்பதற்காக வைக்கப்பட்டவை அல்ல.

தோல் சுமார் இரண்டு வாரங்களில் ஆறுகிறது. எலும்பு கூடுவதற்கு 6 முதல் 8 வாரங்கள் ஆகின்றன. மூட்டின் இளக்கமும், தசைநார்களின் பலமும், வெட்டுப்பட்ட இடத்தைச் சுற்றியுள்ள உணர்ச்சி நரம்புகளும் பழைய நிலைக்கு வர மூன்று முதல் ஆறு மாதங்கள் வேண்டும். மாலை வீக்கம் சிலருக்கு ஓராண்டுகூட நீடிக்கும். நீங்கள் இப்போது இருப்பது தோல் ஆறிவிட்ட, எலும்பு இன்னும் கூடாத இடைவெளியில். வலி பெரும்பாலும் தோலோடும் சதையோடும் சேர்ந்தே அடங்கிவிடுவதால், வலி குறைந்திருப்பது எலும்பு கூடியதற்குச் சாட்சி ஆகாது. படுத்தே பழகியவர்களைவிட, உங்களைப் போல ஒரு நாளும் சும்மா இருந்திராதவர்களைப் பற்றியே இந்தக் கட்டத்தில் எனக்குக் கவலை அதிகம். ஆகவே ஆறாவது வாரம் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு கூடுகிறது என்று உங்கள் மருத்துவர் சொல்லும்வரை அந்தக் காலணியைக் கழற்ற வேண்டாம். வீட்டுக்குள்ளும், இரவில் கழிப்பறைக்கு எழுந்துபோகும் அந்தப் பத்தடி நடையிலும் அது காலில் இருக்க வேண்டும்.

மாலை வீக்கம் இந்த நாட்களில் இயல்பானதே. காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாலும் நின்றுகொண்டே இருந்தாலும் கூடும். நாற்காலியில் உட்கார்ந்து முன்னே ஒரு முக்காலியில் காலை வைத்துக்கொள்வது போதாது. படுத்து, தலையணைகளின் மேல் பாதம் நெஞ்சின் மட்டத்துக்கு மேலே இருக்கும்படி, பகலில் மூன்று நான்கு முறை அரைமணி நேரமாவது வையுங்கள். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைக்கலாம். தோல் மரத்துப்போயிருக்கும் இடத்தில் நேராக வைக்கக் கூடாது. இரண்டாம் விரலில் மெட்டியை இப்போதே போட்டுக்கொள்ள வேண்டாம். மாலையில் விரல் வீங்கும்போது அது இறுகிக்கொள்ளும்.

வீட்டுப் பெரியவர்கள் மஞ்சள் பற்றுப் போடச் சொல்வதாகவும், எண்ணெய் போட்டு நீவிவிடும் ஒருவரிடம் அழைத்துப்போக விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவர்களுடைய அக்கறை புரிகிறது. ஆனால் எலும்பு கூடாத காலை அழுத்தி நீவுவதும் இழுத்து முறுக்குவதும் நேராக்கிய எலும்பை நகர்த்திவிடக்கூடும். இதில் நான் சற்றும் இணங்க மாட்டேன். மஞ்சள் பற்றும் அறுவைப் புண்ணின் மேல் வேண்டாம். தழும்பில் பொருக்கு முழுவதும் உதிர்ந்து, கசிவு இல்லாமல் தோல் மூடிய பிறகு, தேங்காய் எண்ணெய் தொட்டு நீங்களே விரல் நுனியால் தழும்பைச் சிறு வட்டமாகத் தேய்த்துவிடலாம். தழும்பு அடியிலுள்ள சதையோடு ஒட்டிக்கொள்ளாமலிருக்க அது உதவும்.

விரல் மடங்காதது பற்றிய உங்கள் கவலை நியாயமானது. நடக்கும்போது குதிகால் எழும்பிப் பாதம் தரையை உந்தும் கணத்தில் பெருவிரல் 40 முதல் 60 பாகை வரை மேல்நோக்கி வளைய வேண்டியிருக்கிறது. அந்த வளைவு கிடைக்காவிட்டால் எலும்பு எவ்வளவு நேராக இருந்தாலும் நடை நேராக இராது. உங்கள் மருத்துவர் விரல் பயிற்சிக்கு அனுமதி தந்திருக்கிறாரா என்று கேளுங்கள்; உங்களுக்குச் செய்த வகை அறுவையில் பெரும்பாலும் இந்தக் கட்டத்துக்குள் அனுமதிப்பார்கள். (பெருவிரல் மூட்டையே இணைத்துவிடும் அறுவையும் உண்டு. அதைச் செய்துகொண்டவர்கள் விரலை வளைக்க முயலவே கூடாது.) ஒரு கையால் பாதத்தின் நடுப்பகுதியை அசையாமல் பிடித்து, மறு கையால் பெருவிரலின் நுனியை அல்ல, அடிக்கணுவைப் பற்றி, மெல்ல மேலே தூக்கி ஐந்து வரை எண்ணி இறக்குங்கள், பிறகு அதேபோலக் கீழே வளையுங்கள். பத்துப் பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. நுனியைப் பிடித்து வளைத்தால் நகத்துக்கு அருகிலுள்ள கணுதான் மடங்கும், இறுகிய மூட்டு அப்படியே இருக்கும். இழுவிசை தெரிய வேண்டும். குத்தும் வலி தெரியக் கூடாது.

கட்டுத்தரைக்குப் போவதை ஆறாம் வார எக்ஸ்ரே வரைக்குமாவது தள்ளிவையுங்கள். சாணமும் கோமியமும் ஈரமும் புதிய தழும்புக்கு ஆகாதவை. மாடு தெரியாமல் ஒரு மிதி மிதித்தால் இந்த நான்கு வாரமும் வீணாகும். பால் கறப்பதில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. தொடைகளுக்கு நடுவே பாத்திரத்தை இடுக்கிக்கொண்டு குத்தவைத்து உட்காரும்போது குதிகால் எழும்பி, உடல் எடை முழுவதும் வளைந்த விரல்களின் மேல் இறங்குகிறது. பெருவிரல் மூட்டுக்கு அதைவிடக் கடினமான நிலை அன்றாட வேலைகளில் அரிது. எனவே எலும்பு கூடிய பிறகும், மூன்று மாதம் ஆகும்வரை தாழ்ந்த மணையில் பாதம் முழுவதும் தரையில் படியும்படி உட்கார்ந்தே கறக்க வேண்டும். கழிப்பறையிலும் அதுவரை உட்காரும் வகையே நல்லது. ஸ்கூட்டரின் பிரேக்குகள் கையில்தானே இருக்கின்றன என்று நினைக்கலாம். ஆனால் வண்டி சாயும்போது சட்டென்று ஊன்ற வேண்டியது வலது காலாகவும் இருக்கும். சாதாரணக் காலணிக்கு மாறி, வலது காலைத் தயக்கமில்லாமல் ஓங்கி ஊன்ற முடிந்த பிறகு ஓட்டலாம். பெரும்பாலும் எட்டாவது வாரத்தையொட்டி அது வரும். கார் ஓட்டுபவர்களுக்கும், வலது காலால் பின் பிரேக்கை மிதிக்கும் பைக் ஓட்டுபவர்களுக்கும் இதே அளவுகோல் இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும்.

எக்ஸ்ரே நன்றாக இருந்தால், ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் முன்பக்கம் அகன்ற, அடிப்பாகம் அதிகம் வளையாத, கயிறு கட்டும் ஷூவுக்கு மாறுவீர்கள். அதை மாலையில், பாதம் வீங்கியிருக்கும் நேரத்தில் அளவு பார்த்து வாங்குங்கள். பெருவிரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் இடையே வார் நுழையும் செருப்பு சில மாதங்களுக்கு வேண்டாம். அது கழலாமலிருக்க விரல்களை நீங்கள் அறியாமலே இறுக்கிப் பிடிப்பீர்கள், வாரும் சரியாக்கிய விரலை உரசும்.

இந்தக் கட்டத்தில் பலருக்கும் நேரும் ஒரு பிழை, பெருவிரலைக் காப்பாற்றுவதாக எண்ணிப் பாதத்தின் வெளி விளிம்பிலேயே நடப்பது. சில வாரங்களில் அது பழக்கமாகி, பெருவிரல் தாங்க வேண்டிய எடை பக்கத்து விரல்களின் எலும்புகளுக்குப் போய்விடும். இரண்டாம் விரலுக்கு நேர் கீழே உள்ளங்காலில் புதிய வலி தொடங்கினால் காரணம் பெரும்பாலும் இதுதான். கண்டுபிடிப்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. வெறுங்காலால் நடக்க அனுமதி கிடைத்த பிறகு, பாதங்களை நனைத்து, வழுக்காத காய்ந்த சிமெண்டுத் தரையில் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்கைந்து அடி நடந்து, திரும்பி நின்று தடத்தைப் பாருங்கள். இடது தடத்தில் பெருவிரலின் வட்டமும் அதன் பின்னுள்ள மேடும் அழுத்தமாகத் தெரியும். வலது தடத்தில் அவை வெளிறிப்போயோ விடுபட்டோ இருந்தால், தொலைவைக் கூட்டாமல், அடியெடுத்து முடிக்கும்போது பெருவிரலால் தரையை உந்திப் பழகுங்கள். ஒரு பிசியோதெரபிஸ்ட்டின் உதவி வேறு எந்தக் கட்டத்தையும்விட இங்கேதான் மிகவும் பயன்படும்.

இனி கும்மி. ஆசிரியராகத் திரும்புவதற்கு நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே இன்னொரு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, பாட்டும் கைத்தாளமும் இந்த வாரமே சொல்லிக்கொடுக்கலாம். ஆடுவது வேறு. வள்ளிக்கும்மியில் குனிந்து நிமிரும் அடிகளும், முன்பாதத்தை ஊன்றித் திரும்பும் சுழற்சியும், ஒரே தாளத்தில் எழும்பிக் குதிப்பதும் வெறுங்காலில், இறுகிய தரையில், மணிக்கணக்காக நடக்கின்றன. அந்த மூன்றும் பெருவிரல் மூட்டைச் சோதிக்கும் விதங்கள் வேறுவேறு. ஆகவே மூன்றையும் ஒரே நாளில் தொடங்கக் கூடாது. எட்டாவது வாரத்திலிருந்து இரு கால்களாலும் குதிகாலை உயர்த்தும் பயிற்சியைச் சுவரைப் பிடித்துக்கொண்டு செய்யுங்கள். பன்னிரண்டாவது வாரத்தையொட்டி, ஷூவோடு அரைமணி நேரம் விரைந்து நடந்து மறுநாள் காலையில் வீக்கமோ வலியோ கூடவில்லை என்றால், குதிப்பும் சுழற்சியும் இல்லாத அடிகளை ஷூவோடே பத்து நிமிடம் ஆடிப்பார்க்கலாம். வலது காலால் மட்டும் நின்று குதிகாலை உயர்த்துவது இடது காலின் அளவுக்கு வந்த பிறகு சுழற்சி. அது சில வாரங்கள் நிலைத்து, ஒற்றைக் காலில் பத்து முறை வலியின்றித் துள்ள முடிந்த பிறகுதான் குதிப்பு. பெரும்பாலானவர்களுக்கு நான்காம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையே இது கைகூடுகிறது. வெறுங்கால் ஆட்டத்தை முதலில் மண்தரையில் தொடங்குங்கள், சிமெண்டுத் தளம் பிறகு. எந்தப் படியிலும் மறுநாள் காலையே உங்கள் நீதிபதி: பாதம் முந்தைய காலையைவிட வீங்கியிருந்தால், அடுத்த ஆட்டத்தைப் பாதியாகக் குறையுங்கள். சித்திரைத் திருவிழாவில் ஆடுவது நடக்கக்கூடிய இலக்கு என்றே கருதுகிறேன்.

தைப்பூசப் பாதயாத்திரை இந்த ஆண்டு வேண்டாம். அப்போது உங்களுக்கு ஏறக்குறைய 14 வாரங்கள்தான் ஆகியிருக்கும். தாராபுரம் வழியாக அறுபது கிலோமீட்டருக்கு மேல், அதுவும் அடுத்தடுத்த நாட்களில் ஓய்வில்லாமல் நடப்பதற்கு அந்தக் கால் தயாராக இராது. பெருவிரலின் உள்பக்கம் சில மாதங்கள் மரத்துப்போயிருப்பது இயல்பு. மரத்த தோலில் கொப்புளம் எழுந்தாலும் தார்ச்சாலை சுட்டாலும் உடனே தெரியாது. பேருந்தில் போய், விஞ்சிலோ ரோப் காரிலோ மலையேறித் தரிசனம் செய்யுங்கள். மனம் கேட்கவில்லை என்றால் பங்குனி உத்திரத்தின்போது, ஏறக்குறைய ஐந்து மாதம் ஆகியிருக்கும், கூட்டத்தோடு கடைசி ஐந்தாறு கிலோமீட்டரை ஷூ அணிந்து நடக்கலாம். முழு நடை அடுத்த தைக்கு இருக்கட்டும்.

எந்த நாளிலும், கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும் வந்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இரத்த உறைவாக இருக்கலாம். தழும்பைச் சுற்றிச் சிவந்து சூடேறுவது, சீழ், காய்ச்சல், கால் இடறியபின் சட்டென்று வலியும் விரலின் கோணமும் மாறுவது ஆகியவற்றுக்கும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இடது காலைப் பொறுத்தவரை, அந்தப் புடைப்பு உங்களுக்கு வலிக்கிறதா என்பதைக் கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. பார்வைக்குக் கோணலாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அறுவை செய்துகொள்ளப் பரிந்துரைக்க மாட்டேன். அகன்ற காலணி அணிந்தும் அன்றாட வேலையைத் தடுக்கும் அளவுக்கு வலி நீடித்தால்தான் அது தேவை. அப்படியே தேவைப்பட்டாலும், இடது கால் ஓய்வெடுக்கும் ஆறு வாரங்களுக்கு உங்களைச் சுமக்கப்போவது வலது கால். அது ஒற்றையாய் நின்று குதிகாலை உயர்த்தும் பலத்தைப் பெறும்வரை, அதாவது குறைந்தது ஆறு மாதம், அடுத்த அறுவைக்கு நாள் குறிக்காதீர்கள். நாள் குறிக்கும்போது வீட்டில் பால் கறக்க வேறு ஆள் இருக்கும் மாதமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.