ஆர்.வி.யில் குடியேறப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

ஆர்.வி. என்றால் படுக்கை, சமையல், கழிவறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி. தானே ஓடினால் மோட்டார்ஹோம், வேறு வண்டி இழுத்தால் டிரெய்லர். அமெரிக்காவில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நானும் மனைவியும் டிரெய்லரிலேயே குடியேறினோம். ஆறு வருஷம் ஆகிறது. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, மார்ச்சில் ரிடையர் ஆகிறேன். வீட்டை விற்ற பணத்தில் புது மோட்டார்ஹோம் வாங்கிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். ஆர்.வி. ஒன்றை வாடகைக்கு எடுத்து மூன்று வாரம் இருந்து பாருங்கள். அதில் ரெண்டு நாளாவது மழை பெய்ய வேண்டும். வெயில் நாளில் எல்லா வண்டியும் சொர்க்கம்தான். மழையில் ரெண்டு பேரும் உள்ளேயே அடைந்து, ஒருவர் எழுந்தால் மற்றவர் காலை மடக்க வேண்டியிருக்கும்போதுதான் விஷயம் தெரியும். அப்படியும் ஆசை போகவில்லையென்றால் வீட்டை ஒரு வருஷம் வாடகைக்கு விட்டுவிட்டுக் கிளம்புங்கள். முதல் வண்டி பழையதாகவே இருக்கட்டும். புது வண்டியின் விலை ஷோரூம் வாசலைத் தாண்டியதுமே இறங்க ஆரம்பித்துவிடும்.

பழைய வண்டியில் எதைப் பார்த்து வாங்குவது?

தண்ணீர் கசிவைத்தான். கூரையும் சுவரும் சேரும் மூலைகளையும், அலமாரிக்குள் கையை விட்டு உட்புறத்தையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். மெத்தென்று அமுங்கினால் உள்ளே மரம் உளுத்துவிட்டது, விலை பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். அடுத்தது டயர். பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் 2319 என்றால், அது 2019இன் 23ஆவது வாரத்தில் செய்தது. ஆர்.வி. டயர் ஓடித் தேய்வதைவிட நின்றே கெடுவதுதான் அதிகம். பட்டன் தேயாமல் பளபளவென்று இருக்கிறதே என்று ஏமாந்து, கொளுத்தும் வெயிலில் நெடுஞ்சாலை ஓரம் நின்றவன் நான்.

மோட்டார்ஹோமா, பிக்கப் டிரக்கில் இழுக்கும் டிரெய்லரா?

மோட்டார்ஹோம் எஞ்சின் ரிப்பேர் ஆனால் உங்கள் வீடும் சேர்ந்து ஒர்க்ஷாப் போகும். டிரெய்லரில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் எடைக் கணக்கில் ஏமாறாதீர்கள். "இந்த டிரக் எதையும் இழுக்கும்" என்பார் விற்பனைக்காரர். இழுக்கும், ஆனால் தாங்குமா? ஃபிஃப்த் வீல் டிரெய்லரில் (டிரக்கின் பின்தட்டுக்குள் மாட்டும் வகை) மொத்த எடையின் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ டிரக்கின் முதுகில் உட்காரும். டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் டிரக் எவ்வளவு சுமக்கலாம் என்று இருக்கிறது. நீங்கள் ரெண்டு பேர், டூல் பெட்டி, நாய் எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும். தண்ணீரை மறக்காதீர்கள்: 40 காலன் என்றால் 330 பவுண்டுக்கு மேல். எல்லாவற்றையும் ஏற்றியபின் டிரக் ஸ்டாப் எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.

கேட்கவே கூச்சமாக இருக்கிறது. கழிவறைத் தொட்டியை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

இதில் என்ன கூச்சம், முதல் மாதம் எல்லோரும் இதைத்தான் பேசிக்கொண்டிருப்போம்! கேம்ப்கிரவுண்டில் (ஆர்.வி.க்களை நிறுத்தித் தங்கும் இடம்) கழிவுக் குழாயை மாட்டிவிட்டோமே என்று கழிவறைத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைக்காதீர்கள். தண்ணீர் மட்டும் வடிந்துபோய் மற்றதெல்லாம் உள்ளே கோபுரமாக இறுகிவிடும். மூடியே வைத்து, முக்கால்வாசி நிரம்பியதும் திறங்கள். மடை உடைந்த மாதிரி எல்லாம் ஒன்றாகப் போய்விடும். அதன் பிறகு குளியல் தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் குழாயும் கழுவினாற்போல் ஆகும். கையுறை கட்டாயம்.

ஏ.சி. ஓடும்போது மைக்ரோவேவ் போட்டால் பிரேக்கர் விழுகிறது. வண்டியில் கோளாறா?

கோளாறு இல்லை, கணக்குதான். கேம்ப்கிரவுண்டின் 30 ஆம்ப் மின் இணைப்பில் 120 வோல்ட்டுக்கு மொத்தமே 3,600 வாட். ஏ.சி., மைக்ரோவேவ், வாட்டர் ஹீட்டர் மூன்றும் சேர்ந்தால் தாங்காது. 50 ஆம்ப் இணைப்பில் ரெண்டு லைன் வருவதால் 12,000 வாட் வரை கிடைக்கும்.

வீடே இல்லையென்றால் லைசென்ஸுக்கு எந்த முகவரி? மெடிகேர் என்ன ஆகும்?

முழுநேர ஆர்.வி.க்காரர்கள் பெரும்பாலும் டெக்சஸ், ஃபுளோரிடா, சவுத் டகோட்டா மூன்றில் ஒன்றைத்தான் சொந்த மாநிலமாக வைத்துக்கொள்கிறார்கள். மூன்றிலும் மாநில வருமான வரி கிடையாது. கடிதங்களை வாங்கி நீங்கள் இருக்கும் இடத்துக்கு அனுப்பிவைக்கும் சேவைகளும் உண்டு.

முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில்தான் நிதானம் வேண்டும். தனியார் நிறுவனங்கள் வழியாக வரும் மெடிகேர் அட்வாண்டேஜ் திட்டங்கள் பலவற்றில் ஊரைச் சுற்றியுள்ள டாக்டர்களின் பட்டியல் இருக்கும். வேறு மாநிலத்தில் அவசர சிகிச்சைக்குக் கை கொடுக்கும், வழக்கமான வைத்தியத்துக்குத்தான் இழுபறி. ஊர் சுற்றுகிறவர்களுக்கு அரசே நேரடியாக நடத்தும் ஒரிஜினல் மெடிகேரும், கூடவே அது விட்டுவைக்கும் செலவை ஏற்கும் ஒரு மெடிகேப் பாலிசியும்தான் சரி என்பது என் கட்சி. மெடிகேர் ஏற்கும் டாக்டர் நாட்டில் எங்கிருந்தாலும் போகலாம். 65 வயதாகி பார்ட் பி (மெடிகேரில் டாக்டர் செலவுக்கான பகுதி) தொடங்கியதும் கிடைக்கும் ஆறு மாதத்துக்குள் மெடிகேப் எடுத்துவிடுங்கள். அதற்குள் எடுத்தால் உடல்நிலையைக் காட்டி மறுக்க முடியாது. பிறகு போனால் பெரும்பாலான மாநிலங்களில் சர்க்கரையும் பிரஷரும் குறுக்கே நிற்கும்.

தங்கும் செலவைக் குறைக்க வழி?

62 வயதானதும் தேசியப் பூங்காக்களுக்கான சீனியர் பாஸ் வாங்குங்கள். 80 டாலருக்கு ஆயுள் முழுக்க. குடியுரிமை இல்லாவிட்டாலும் கிரீன் கார்டு போதும். மத்திய அரசின் பல கேம்ப்கிரவுண்டுகளில் கட்டணம் பாதியாகும். மேற்கு மாநிலங்களில் பி.எல்.எம். என்ற மத்திய அரசு நில நிர்வாகத் துறையின் நிலங்களில் பெரும்பாலும் ஒரே இடத்தில் 14 நாள் இலவசமாகத் தங்கலாம். கரண்டும் குழாயும் இருக்காது. இதையெல்லாம்விட மிச்சம் பிடிப்பது மெதுவாகப் போவது. ஒரு மாதம் ஒரே இடத்தில் இருந்தால் வாடகையும் குறையும், டீசலும் மிஞ்சும்.

எனக்கு ஓட்டவே பயம். அவர் ஓட்டட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேனே?

கூடாதும்மா. நடுவழியில் அவருக்கு நெஞ்சு வலித்தால்? ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது காலி பார்க்கிங் திடலுக்குப் போங்கள். ஸ்டீயரிங்கை அடியில், ஆறு மணி முள் நிற்கும் இடத்தில் பிடித்துக்கொண்டு ரிவர்ஸ் எடுங்கள். டிரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும். என் மனைவி இதை ஒரே காலையில் பிடித்துவிட்டாள். இப்போது கேம்ப்கிரவுண்டில் பின்னால் நின்று கை காட்டுவது நான்தான்.