ரேகை விழாத விரல்

அன்புள்ள அக்கா,

ரேஷன் கடையில் மாதாமாதம் கைரேகை வைத்தால்தான் பொருள் என்ற கட்டாயத்தைக் கைவிட வேண்டும் என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. என் சிறுவயதில் எங்கள் தெருக் கடையில் வாங்காத பொருளை வாங்கியதாக எழுதிவிடுவார்கள். இறந்துபோன தாத்தாவின் பெயரில் நான்கு வருடம் சர்க்கரை போய்க்கொண்டிருந்தது. ஆதாரும் கைரேகையும் வந்த பிறகுதான் இந்தத் திருட்டுக்கு முடிவு வந்தது. நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு ரேகை பதியாமல் போகலாம். அதற்காக ஒரு நல்ல ஏற்பாட்டையே வேண்டாம் என்பதா? உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஒன்றை இன்னும் எதிர்த்து என்ன பயன்? நான் மென்பொருள் துறையில் இருக்கிறேன். பயனாளிகளைச் சரிபார்க்கும் செயலி ஒன்றை உருவாக்கும் வேலை எங்கள் குழுவுக்கு வந்திருக்கிறது. அதனால் உங்கள் பதிலை உண்மையாகவே எதிர்பார்க்கிறேன்.

கே., கோவை

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் நூறு பேரில் இரண்டு மூன்று பேர் என்ற வரிக்குப் பிறகு என்னால் சற்று நேரம் மேலே படிக்க முடியவில்லை. அந்த இரண்டு மூன்று பேரில் ஒருவர் என் அம்மா.

அம்மா 38 வருடம் பீடி சுற்றியவர். நெல்லைச் சீமையில் வீட்டுக்கு வீடு நடக்கும் வேலை அது. மடியில் முறம், முறத்தில் தூள், பக்கத்தில் ஈரத்துணியில் பொதிந்து வைத்த இலை. இலையை அளவாகக் கத்தரித்து, தூளைப் பரப்பிச் சுருட்டி, நூல் கட்டி, தலையை மடக்கி அமுக்க வேண்டும். ஒவ்வொரு பீடிக்கும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இலைமேல் உருள வேண்டும். சீசன் நாட்களில் ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி. அந்த விரல்களை இன்று வெயிலில் பிடித்துப் பார்த்தால் ஆற்றுக் கூழாங்கல்லைப் போல வழவழவென்று இருக்கும். வரி என்று ஒன்று அங்கே கிடையாது.

அப்பா போன பிறகு அம்மாவுடையது ஒருநபர் அட்டை. மாதம் 12 கிலோ அரிசி, விலையில்லாமல். ஓர் ஆடி மாதம் நான் ஊருக்குப் போனபோது அரிசிப் பானை பாதிகூட இல்லை. கேட்டதற்கு, "ரேகை விழவில்லை, நாளைக்கு வரச் சொன்னார்கள்" என்றார். எத்தனை நாளைக்கு என்று கேட்டால் பதில் இல்லை. மறுநாள் நானும் கூடப் போனேன்.

வரிசையில் அம்மாவின் முறை வந்தது. அந்தச் சிறு கண்ணாடியில் சிவப்பு வெளிச்சம் எரிந்தது. வலது கட்டைவிரலை வைத்தார், விழவில்லை. ஆள்காட்டி விரலும் விழவில்லை. விற்பனையாளர் ஈரத்துணி கொடுத்தார், துடைத்துவிட்டு வைத்தார். பின்னால் நின்ற ஒரு பெண், "தலையில் தேய்த்துவிட்டு வையுங்கள் அத்தை, எண்ணெய்ப் பசை இருந்தால் விழும்" என்றார். அம்மா விரலை உச்சியில் தேய்த்துக்கொண்டு வைத்தார். இடது கைக்கு மாறினார். ஒவ்வொரு தடவையும் அந்த இயந்திரம், மீண்டும் முயலவும் என்றே சொன்னது. வரிசை நீண்டுகொண்டே போயிற்று. ஏழாவது தடவை அம்மா தானாகவே கையை இழுத்துக்கொண்டு, "நீங்கள் வாங்குங்கள் தாயி" என்று பின்னால் இருந்தவருக்கு வழிவிட்டு ஒதுங்கினார். இத்தனைக்கும் அந்தக் கடையில் எல்லாருக்கும் அம்மாவைத் தெரியும். விற்பனையாளரின் கல்யாணத்துக்கு மொய் எழுதியவர் அவர். ஆனாலும் அவர்தான் அவர் என்று அங்கே யாராலும் சொல்ல முடியவில்லை.

கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கொண்டும் பொருள் வாங்கலாம்தானே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அட்டையில் பதிந்திருந்தது என் அண்ணன் மகனின் பழைய எண். அந்த சிம் எப்போதோ போய்விட்டது. எண்ணை மாற்ற வட்ட வழங்கல் அலுவலகம் போக வேண்டும். 74 வயதில் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும்.

விற்பனையாளரை நான் குறை சொல்ல மாட்டேன். இயந்திரத்தில் ஏறாமல் அவர் அரிசி கொடுத்தால் இருப்புக் குறைகிறது. சோதனைக்கு வருகிறவர்கள் குறைகிற கிலோவுக்கு அவர் கையிலிருந்துதான் அபராதம் கட்ட வைப்பார்கள். அவரும் பயந்துதான் நிற்கிறார்.

இனி உங்கள் தாத்தா பெயரில் போன சர்க்கரைக்கு வருகிறேன். அது திருட்டுத்தான். அதை ஒழித்தது எது என்று கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். தமிழகத்தில் 2017-ல் பழைய அட்டைகளை எடுத்துவிட்டு ஸ்மார்ட் கார்டு கொடுத்தபோது குடும்பத்தினர் ஒவ்வொருவரின் ஆதார் எண்ணும் இணைக்கப்பட்டது. இரட்டை அட்டைகளும் இறந்தவர் பெயர்களும் பெரும்பாலும் அங்கேயே அடிபட்டுப் போயின. பொருள் வாங்கியதும் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வருவதால் வாங்காத பொருளை எழுதினால் தெரிந்துவிடுகிறது. இவை இரண்டையும் நான் வரவேற்கிறேன். கடையில் ஒவ்வொரு முறையும் விரல் வைக்கும் முறை அதற்குப் பின்னால், 2020-ல், ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டத்தோடு வந்தது. இரண்டும் வேறு வேறு வேலைகள். பட்டியலைச் சுத்தம் செய்வதை ஒருமுறை செய்தால் போதும். என் அம்மா என் அம்மாதான் என்பதை மாதாமாதம் ஏன் நிரூபிக்க வேண்டும்?

கைரேகை பிடிக்கக்கூடியது ஆள்மாறாட்டத்தை மட்டும்தான். ரேஷனில் பெருந்திருட்டு நடப்பது எடையில். விரலைச் சரியாக வாங்கிக்கொண்டு 12 கிலோவுக்குப் பதில் 10 கிலோ அளந்தால் எந்த ஸ்கேனருக்கும் அது தெரியாது. கார்த்திக் முரளிதரனும் உடன் பணியாற்றிய பொருளாதார அறிஞர்களும் ஜார்க்கண்டில் இதைப் பெரிய அளவில் ஆராய்ந்து 2020-ல் வெளியிட்டார்கள். கைரேகைச் சரிபார்ப்பு மட்டும் வந்த கட்டத்தில், உரியவருக்குச் சேராமல் வழியில் போகும் கசிவு குறையவில்லை, ஆதாரை முன்பே இணைக்காதிருந்தவர்களுக்குக் கிடைத்த பொருள் சுமார் 10 சதவீதம் குறைந்தது என்பது அவர்கள் கண்டது. அவர்கள் தொழில்நுட்பத்துக்கு எதிரானவர்கள் அல்லர். ஆந்திராவில் கைரேகை அட்டை வழியாக நூறு நாள் வேலைக் கூலி கொடுத்தது நல்ல பலன் தந்தது என்று காட்டியவர்களும் அவர்களே. எடை மோசடியைப் பிடிக்க வேண்டுமென்றால் தராசை இயந்திரத்தோடு இணைக்க வேண்டும். தமிழகத்தில் இப்போது அது வந்திருக்கிறது. தாமதமாகிறது என்று விற்பனையாளர்கள் சொல்கிறார்கள், அதைச் சரிசெய்யத்தான் வேண்டும். ஆனாலும் அங்கே சோதனைக்கு உள்ளாவது தராசு. என் அம்மாவின் விரல் அல்ல.

இரண்டு மூன்று பேர் என்ற உங்கள் கணக்குக்கும் வருகிறேன். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் ஆதார் ஆணையத்தின் தலைமை நிர்வாகியே நேரில் விளக்கம் கொடுத்தார். அரசுச் சேவைகளில் சரிபார்ப்பு வெற்றி பெறும் விகிதம் 88 சதவீதம் என்பது அவர் காட்டிய கணக்கு. அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டு தவறுகிறது. அதற்கு முந்தைய வருடம் மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை, ஜார்க்கண்டில் 49 சதவீதம், ராஜஸ்தானில் 37 சதவீதம் தோல்வி என்ற மதிப்பீடுகளைக் குறிப்பிட்டது. இயந்திரங்கள் அதன் பிறகு மேம்பட்டிருக்கின்றன, கருவிழியைப் பதியும் கருவிகளும் வந்திருக்கின்றன. ஆனால் விகிதம் எதுவானாலும் அது சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல எல்லார் மேலும் விழுவதில்லை. சிமென்ட் குழைத்தவர், பாத்திரம் துலக்கியவர், செங்கல் சுமந்தவர், தோல் தளர்ந்துபோன கிழவர் என்று குறிபார்த்து விழுகிறது. உழைத்துத் தேய்ந்த விரலைத்தான் இயந்திரம் தள்ளுகிறது. அந்த விரலுக்கு உரியவர்தான் ரேஷன் அரிசியை நம்பியிருப்பவர்.

இதில் இன்னொன்றும் உண்டு, உங்கள் துறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். கைரேகை ஒப்பீடு என்பது எவ்வளவு பொருந்துகிறது என்ற மதிப்பெண்தான். எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் தேர்ச்சி என்பதை ஒரு மனிதர் முடிவுசெய்கிறார். அதை உயர்த்தினால் போலி குறையும், உண்மையானவர் அதிகம் தள்ளப்படுவார். தாழ்த்தினால் அதற்கு மாறாக நடக்கும். எங்கோ ஓர் அறையில் எடுக்கப்பட்ட அந்த முடிவின் விலையை எங்கள் ஊர்க் கடை வாசலில் அம்மா கட்டுகிறார். எனக்குள்ள கோபம் எல்லாம் இதன்மேல்தான். இயந்திரம் தவறட்டும், தவறாத இயந்திரம் இல்லை. ஆனால் அந்தத் தவறின் நஷ்டம் அதை வைத்தவரைச் சேர வேண்டும், அதன் முன் நிற்பவரைச் சேரக் கூடாது.

உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது என்கிறீர்கள். 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் ஐந்து நீதிபதிகளில் நால்வர் ஆதாரை ஏற்றார்கள் என்பது சரி. ஆனால் சரிபார்ப்பு தவறியதற்காக யாருக்கும் உரிய பயன் மறுக்கப்படாது, அடையாளத்தை நிரூபிக்க வேறு வழி தரப்படும் என்று அரசுத் தரப்பில் தலைமை வழக்கறிஞர் தந்த உறுதியைப் பதிவுசெய்துவிட்டுத்தான் ஏற்றார்கள். மாறுபட்டு எழுதிய நீதிபதி சந்திரசூட், குடிமக்களின் கண்ணியமும் உரிமையும் கணினி வழிமுறைகளையும் நிகழ்தகவுகளையும் நம்பி நிற்கக் கூடாது என்றார். அவர் சிறுபான்மைதான். பெரும்பான்மையின் நிபந்தனையாவது கடைக்கு வந்து சேர்ந்ததா என்பதுதான் என் கேள்வி.

அந்த நிபந்தனையும் புதிதல்ல. 2017-ல் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். அட்டை ஆதாரோடு இணைக்கப்படாததால் மாதக்கணக்கில் ரேஷன் நின்றுபோய் வீட்டில் சோறு இல்லை என்று குடும்பம் சொன்னது. அரசு, மலேரியா என்றது. அந்த அக்டோபர் 24 அன்று மத்திய உணவுத் துறை எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. ஆதார் இல்லை என்றோ ரேகை பதியவில்லை என்றோ யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது, அப்படிப்பட்டவர்களுக்குத் தனிப் பதிவேட்டில் எழுதிப் பொருள் கொடுக்க வேண்டும் என்பது அந்த உத்தரவு. அதற்கும் முன்பே, 2013-ன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு, உரிய தானியம் வழங்கப்படாவிட்டால் மாநில அரசு அதற்கு ஈடாகப் பணம் தர வேண்டும் என்கிறது. தமிழகமும் 2016 நவம்பரிலிருந்து அந்தச் சட்டத்துக்குள்தான் இருக்கிறது. திரும்பிப் போன பாட்டிகளில் எத்தனை பேருக்கு இந்த 8-ஆவது பிரிவைப் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள்? என் அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் அப்போது அறிந்திருக்கவில்லை.

தமிழகத்தில் மாற்று வழிகளே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். வர முடியாதவர்கள் தங்களுக்குப் பதிலாக ஒருவரை நியமித்துப் பொருள் வாங்கலாம். 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் தொடங்கி, முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள் வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்ல காரியம், மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் 52 வயதுச் சித்தாளுக்கும் ரேகை தேய்ந்துதான் இருக்கிறது. அவளுக்கு வண்டி வராது. அவள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் கடைக்கு இரண்டாவது தடவை வர வேண்டும்.

நீங்கள் செயலி எழுதப்போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதனால் உங்களிடம் நேராகவே கேட்டுவிடுகிறேன். மூன்று தடவை தவறியதும் அந்தத் திரை, மீண்டும் முயலவும் என்று சொல்வதை நிறுத்தட்டும். பதிவேட்டில் எழுதிப் பொருள் கொடு என்ற பக்கம் தானாகத் திறக்கட்டும். அப்படிக் கொடுத்த கிலோ விற்பனையாளரின் இருப்பில் குறையாகக் காட்டாமல் கணக்கில் ஏறட்டும். அவர் பயம் போனால் அவர் கை தானாக நீளும். பொருள் இல்லாமல் திரும்புகிறவர் கையில், இன்ன தேதியில் வந்தார், இன்ன காரணத்தால் பெறவில்லை என்று அச்சிட்ட ஒரு சீட்டு இருக்கட்டும். ரேஷன் புகார் எண்ணான 1967-க்குக் கூப்பிட்டுச் சொல்ல அவருக்கு அது ஆதாரம். எந்தக் கடையில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்ற எண்ணிக்கையை மாதம் ஒருமுறை வெளியிடச் சொல்லி உங்கள் குழுவிலிருந்து துறைக்கு ஒரு வரி எழுதுங்கள். உங்களால் முடிகிற வேலைதான் இது. எத்தனை விற்பனை என்பதை நொடிக்கு நொடி காட்டத் தெரிந்த கணினிக்கு இதையும் காட்டத் தெரியும்.

அம்மாவுக்கு இப்போது இடது கை மோதிர விரல் மட்டும் விழுகிறது. மின் ஆளுமை மையத்தில் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அவர் பாத்திரம் துலக்குவதைப் பார்த்தேன். இடது கை மோதிர விரலை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு மற்ற நான்கு விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "இதுவும் தேய்ந்துவிட்டால் அரிசிக்கு என்ன செய்வது" என்றார்.

அன்புடன்,
அக்கா