கட்டுரை எழுதினால் விட்டுவிடுவார்களா?

கேள்வி: அக்கா மகனுக்கு 17 வயது. நண்பர்களோடு குடித்துவிட்டு அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு போகிறான். சொன்னால் மாமா, “மைனர் பையன்தானே, புனேவில் கட்டுரை எழுதச் சொல்லி விட்டுவிட்டார்களே! காசு இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார். உண்மையா?

பதில்: உங்கள் மாமா முதல் நாள் செய்தியோடு பேப்பரை மடித்துவிட்டார் போலிருக்கிறது.

2024 மே 19 அதிகாலை, புனே கல்யாணி நகரில் 17 வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் மோதி, 24 வயது ஐடி ஊழியர்கள் இருவர் இறந்தார்கள். சுமார் 15 மணி நேரத்தில் ஜாமீன். 300 சொல்லில் விபத்து பற்றிக் கட்டுரை என்பது நிபந்தனைகளில் ஒன்று. நாடே கொதித்ததும் பையனைக் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பினார்கள். ஒரு மாதத்தில் உயர் நீதிமன்றம் விடுவித்தது. பெரியவனாகக் கருதி விசாரிக்க வேண்டும் என்ற போலீஸ் மனுவும் 2025 ஜூலையில் தள்ளுபடி.

சரி, இதில் பணம் எங்கே வந்தது? வயதுச் சலுகை குடிசை வீட்டுப் பையனுக்கும் உண்டு. குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு என்றிருக்கும் குற்றத்துக்குத்தான் 16 வயது தாண்டியவனைப் பெரியவனாக விசாரிக்க முடியும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. (அதுவும் டெல்லியில் ஒரு மைனர் ஓட்டிய பென்ஸ் மோதிய வழக்குதான்!) புனே பையன் மேல் போட்ட, ‘கொலை ஆகாத மரணம் விளைவித்தல்’ என்ற குற்றத்துக்கு அப்படியொரு குறைந்தபட்சம் கிடையாது.

பணம் புகுந்த இடம் ஆஸ்பத்திரி. பையனின் ரத்தத்துக்குப் பதில் அம்மாவின் ரத்தத்தை வைத்தார்கள், டிரைவர் தலையில் பழியைக் கட்டப் பார்த்தார்கள் என்கிறது போலீஸ். டாக்டர்கள், அப்பா, தாத்தா எல்லோரும் கைதானார்கள். அம்மாவே 10 மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார்.

ரத்தத்தை மாற்றாமலே மாமா மாட்டுவார். மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவின்படி மைனர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. அப்புறம் இன்சூரன்ஸ்: லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டியதால், கம்பெனி நஷ்டஈட்டைக் கொடுத்துவிட்டு மாமாவிடம் திருப்பி வசூலிக்கலாம். சம்பாதிக்கிற வயதில் ஒருவர் இறந்திருந்தால் அது சின்னத் தொகையாக இருக்காது.

தப்பிக்க அவருக்குள்ள வழிகளில் ஒன்று, “எனக்குத் தெரியாமல் எடுத்தான்” என்று அவரே நிரூபிப்பது. அதனால் உங்கள் கண்டிப்பை இன்றைக்கே மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள். அப்புறம் ‘தெரியாது’ என்று சொல்ல முடியாது. சாவி தானாகப் பீரோவுக்குள் போய்விடும்.